எந்த வகுப்பில் போய் உட்காருவது?

யூடியூபில் குவாண்டம் இயற்பியல் விரிவுரை என்று ஆங்கிலத்தில் தட்டிப் பாருங்கள். "மாட் 05 லெக் 22" என்பது போன்ற தலைப்போடு ஒரு பழைய காணொளி வந்து நிற்கும். திறந்தால், ஒரு பேராசிரியர் பாதி நிரம்பிய பலகைக்கு முன் நின்றுகொண்டு, போன வகுப்பில் நிறுவியதை எடுத்துக்கொள்வோம் என்று தொடங்குவார். அந்தப் போன வகுப்பு எது? அதற்கு முந்தைய இருபது வகுப்புகள் எங்கே? பக்கவாட்டில் யூடியூப் நீட்டும் பட்டியலில் அவை இருக்காது. வேறொரு கல்லூரியின் வேறொரு பேராசிரியரும், பத்து நிமிட அனிமேஷன் படமும், நுழைவுத்தேர்வுப் பயிற்சி மையத்தின் விளம்பரமும்தான் இருக்கும்.

வேலையிலிருந்து ஓய்வு பெற்ற பிறகு, அல்லது பிள்ளைகள் பள்ளிக்குப் போன பிறகு, ஒரு பாடத்தை ஒழுங்காகப் படித்துவிடலாம் என்று இறங்குபவர்கள் பலர் இந்த இடத்திலேயே களைத்துவிடுகிறார்கள். கல்லூரி விரிவுரைகளுக்கு இன்று பஞ்சமே இல்லை. உலகின் பெயர்பெற்ற பேராசிரியர்களில் கணிசமானவர்கள் முழு செமஸ்டரும் நடத்திய வகுப்புகள் காசில்லாமல் கிடக்கின்றன. ஆனால் தேடுபொறி கொண்டுவந்து கொட்டுவது துண்டுகளை. வீட்டிலிருந்து படிப்பவருக்கு வேண்டியது வரிசை, பாடத்திட்டம், பயிற்சிக் கணக்கு, அதற்கு விடை என்று எல்லாம் சேர்ந்த முழுப் பாடம். காணொளியைத் தேடுவதை நிறுத்திவிட்டு, அந்தப் பாடத்துக்கென்று கல்லூரி வைத்திருக்கும் பக்கத்தைத் தேடத் தொடங்கினால் பாதிச் சிக்கல் தீர்ந்துவிடும் என்பது என் எண்ணம்.

முழுப் பாடம் என்று நான் சொல்வது என்ன என்பதற்கு அமெரிக்காவின் எம்ஐடியில் கில்பர்ட் ஸ்ட்ராங் நடத்திய நேரியல் இயற்கணித வகுப்பை விட நல்ல சான்று எனக்குத் தெரியவில்லை. 1999-இல் படம்பிடித்தது. படம் மங்கல், கரும்பலகை, சாக்பீஸ், ஒரு மனிதர், அவ்வளவுதான். முதல் வகுப்பை இரண்டே சமன்பாடுகளோடு தொடங்குகிறார். இரண்டு எக்ஸிலிருந்து ஒரு ஒய்யைக் கழித்தால் சுழியம்; இரண்டு ஒய்யிலிருந்து ஒரு எக்ஸைக் கழித்தால் மூன்று. பத்தாம் வகுப்புக் கணக்குதான். முதலில் நாம் எல்லோரும் செய்தபடி இரண்டு கோடுகள் வரைகிறார். எக்ஸ் ஒன்று, ஒய் இரண்டு என்ற புள்ளியில் அவை வெட்டிக்கொள்கின்றன. பிறகு அதே சமன்பாடுகளைக் கிடையாகப் படிக்காமல் செங்குத்தாகப் படிக்கச் சொல்கிறார். இப்போது எக்ஸோடு நிற்கும் இரண்டு எண்கள் சேர்ந்து ஒரு அம்பு, ஒய்யோடு நிற்கும் எண்கள் இன்னொரு அம்பு. முதல் அம்பில் ஒன்றும் இரண்டாம் அம்பில் இரண்டும் எடுத்து ஒன்றன் நுனியில் ஒன்றாக வைத்தால், வலப்பக்கத்தில் இருக்கும் சுழியமும் மூன்றும் வந்துவிடுகின்றன. கணக்கும் அதே, விடையும் அதே. ஆனால் பார்க்கும் திசை மாறியதும் அந்தத் துறையின் வாசலே திறக்கிறது. அடுத்த முப்பத்து மூன்று வகுப்புகளும் இந்த இரண்டாவது பார்வையின் மேல்தான் எழுகின்றன. முதல் வகுப்பை விட்டுவிட்டுப் பன்னிரண்டாவதில் நுழைந்தவருக்கு அந்த அம்புகள் ஏன் வந்தன என்றே புரியாது.

காணொளிகளோடு வாரந்தோறும் தந்த கணக்குகளும், தேர்வு வினாத்தாள்களும், விடைகளும் பாடப்பக்கத்திலேயே உண்டு. ஸ்ட்ராங் அறுபது ஆண்டுகளுக்கு மேல் எம்ஐடியில் ஆசிரியராக இருந்து, 2023 மே மாதம் எண்பத்தெட்டு வயதில் கடைசி வகுப்பை எடுத்தார்.

இதை வீட்டுக்கு எட்டவைத்த ஓப்பன்கோர்ஸ்வேர் திட்டத்தை எம்ஐடி 2001 ஏப்ரலில் அறிவித்தது. அப்போது தலைவராக இருந்தவர் சார்லஸ் வெஸ்ட். இணையத்தில் பாடங்களை விற்றுக் காசு பார்க்கலாம் என்று மற்ற பல்கலைக்கழகங்கள் கணக்குப் போட்டுக்கொண்டிருந்த காலம் அது. எம்ஐடி சும்மாவே கொடுத்துவிடுவது என்று தீர்மானித்தது. 2007-க்குள் சுமார் 1,800 பாடங்கள் ஏறிவிட்டன. ஒரு எச்சரிக்கை: அவற்றில் பெரும்பாலானவற்றுக்குக் காணொளி கிடையாது. குறிப்புகள், வாசிப்புப் பட்டியல், வினாத்தாள்களோடு சரி. காணொளி உள்ள பாடங்களை மட்டும் வடிகட்டிக் காட்டும் வசதி அந்தத் தளத்தில் இருக்கிறது. அதைப் பயன்படுத்தாமல் உள்ளே போனால் ஏமாற்றம்தான் மிஞ்சும்.

கணக்கும் இயற்பியலும் வேண்டாம் என்பவர்களுக்கு யேல் பல்கலைக்கழகம். 2007 டிசம்பரில் தொடங்கிய ஓப்பன் யேல் கோர்சஸ் நாற்பது பாடங்களைச் சற்றுத் தாண்டி நின்றுவிட்டது. ஆனால் அந்த நாற்பதில் சொத்தை குறைவு. ஒவ்வொரு வகுப்புக்கும் படம், ஒலி, பேசியதன் முழு எழுத்துவடிவம் மூன்றும் உண்டு. மேசை மேல் சம்மணமிட்டு உட்கார்ந்து ஷெல்லி கேகன் "மரணம்" என்ற தலைப்பில் எடுக்கும் இருபத்தாறு தத்துவ வகுப்புகள் நிறைய ரசிகர்களைச் சம்பாதித்தவை. பண்டைய கிரேக்க வரலாற்றை டொனால்ட் கேகன் சொல்கிறார். நவீன கவிதையை லாங்டன் ஹாமர் வரிவரியாக வாசிக்கிறார். இயற்பியல் எடுக்கும் ராமமூர்த்தி சங்கர் நம் சென்னை ஐஐடியில் மின்பொறியியல் படித்துவிட்டுப் போனவர். தூக்கம் வந்தால் தூங்கிக்கொள்ளலாம், தூக்கத்தில் பேசக்கூடாது என்பதாக முதல் வகுப்பிலேயே நிபந்தனை போடும் அவருடைய குறும்பும், அடுத்த நிமிடமே பாடத்தில் இறங்கிவிடும் வேகமும் சேர்ந்து போகும். அந்த வகுப்புகள் பின்னர் புத்தகமாகவும் வந்தன.

ஸ்டான்ஃபோர்டில் 2010-இல் ராபர்ட் சபோல்ஸ்கி எடுத்த மனித நடத்தை உயிரியல் வகுப்புகள் இருபத்தைந்து. இதற்குக் கணித முன்னறிவு எதுவும் தேவையில்லை. ஒரு செயலுக்குக் காரணம் மரபணு என்றோ, ஹார்மோன் என்றோ, வளர்ப்பு என்றோ ஒரே பெட்டிக்குள் போட்டு மூடாதே என்பதுதான் முதல் வகுப்பின் சாரம். அதற்குப் பிறகு ஒவ்வொரு பெட்டியாகத் திறந்துகாட்டிக்கொண்டே போவார். எங்கே தொடங்குவது என்று யாராவது கேட்டால் நான் முதலில் சொல்லும் பெயர் இவருடையது.

இங்கே ஒரு வழக்கைத் தீர்க்க வேண்டும். வகுப்பறையில் ஓரமாக ஒரு கேமராவை வைத்து எடுத்த பதிவு நல்லதா, கேமராவுக்கென்றே தயாரித்த சின்னச் சின்னப் பாடங்கள் நல்லதா? 2014-இல் ஃபிலிப் குவோ என்ற ஆய்வாளரும் அவருடைய கூட்டாளிகளும் எட்எக்ஸ் என்ற இணையப் பாடத் தளத்தின் நான்கு பாடங்களில் 69 லட்சம் பார்வை அமர்வுகளை ஆராய்ந்தார்கள். காணொளி எவ்வளவு நீளமானாலும் சராசரி மாணவர் நிலைத்திருப்பது அதிகம் போனால் ஆறு நிமிடம். வகுப்பறைப் பதிவைத் துண்டுபோட்டுக் கொடுத்தாலும் அது அவ்வளவாக எடுபடவில்லை என்பது அவர்களின் முடிவு. அதன்பின் இணையப் பாடங்கள் பலவும் சின்னச் சின்னத் துண்டுகளாகிவிட்டன.

ஆய்வைக் குறை சொல்வதற்கில்லை. ஆனால் அது அளந்தது, சான்றிதழுக்காகப் பதிவு செய்து வீட்டுக்கணக்கை முடிக்கப் பறக்கும் கூட்டத்தை. சாயங்காலம் ஒரு மணி நேரம் ஒதுக்கி உட்காரும் ஐம்பத்தைந்து வயதுக்காரர் வேறு ஜாதி. அவருக்கு வகுப்பறைப் பதிவில்தான் லாபம் என்பேன். உண்மையான மாணவன் ஒருவன் எழுந்து முட்டாள்தனமாகக் கேட்கும் கேள்வி நமக்கும் வந்த கேள்வியாக இருக்கும். பேராசிரியர் ஒரு அடையாளக்குறியைத் தப்பாகப் போட்டு, பலகையை அழித்து, மறுபடி எழுதும் அந்த இரண்டு நிமிடத்தில் நம் மூளை மூச்சு வாங்கிக்கொள்ளும். சாக்பீஸ் வேகம் சிந்திக்கும் வேகத்துக்குக் கிட்டத்தட்ட ஒத்துப்போகிறது. ஸ்லைடு அப்படி இல்லை, ஒரு சொடுக்கில் பத்து வரி வந்து விழுந்துவிடும்.

2011-இல் ஸ்டான்ஃபோர்டின் செயற்கை நுண்ணறிவுப் பாடத்தில் ஒரு லட்சத்து அறுபதாயிரம் பேர் சேர்ந்ததும், மறு ஆண்டே கோர்செரா என்ற இணையப் பாடத் தளமும் எட்எக்ஸும் பிறந்ததும், பல்கலைக்கழகங்களே இனி எதற்கு என்று பத்திரிகைகள் எழுதியதும் பழங்கதை. 2019-இல் சயன்ஸ் இதழில் ஜஸ்டின் ரைஷும் ஹோசே ருயிபெரெஸ்-வாலியென்டேயும் வெளியிட்ட கணக்குப்படி, எட்எக்ஸில் எம்ஐடியும் ஹார்வர்டும் நடத்திய பாடங்களில் 2017-18-இல் சேர்ந்தவர்களில் முடித்தவர்கள் நூற்றுக்கு மூன்று பேர்தான். இதை வைத்து இணையக் கல்வி தோற்றது என்று சொல்லிவிடுகிறார்கள். நூலகத்தில் எடுத்த புத்தகத்தை எத்தனை பேர் கடைசிப் பக்கம் வரை படிக்கிறார்கள் என்று யாரும் எண்ணுவதில்லை.

நம் நாட்டுக் கதை இதைவிடப் பழையது. 1984 ஆகஸ்ட் 15 அன்று பல்கலைக்கழக மானியக் குழு தூர்தர்ஷனில் நாடு தழுவிய வகுப்பறை என்ற ஒளிபரப்பைத் தொடங்கியது. பகல் வேளையில், எல்லா வீட்டுத் தொலைக்காட்சியிலும் ஒரே ஒரு சேனல் வந்த காலத்தில், வேறு வழியின்றிப் பார்த்துப் பூச்சிகளின் வாழ்க்கையையும் எரிமலையையும் தெரிந்துகொண்ட தலைமுறை ஒன்று உண்டு. நிகழ்ச்சி பெரும்பாலும் ஆங்கிலம். அதற்கு முன்னோடி, 1971 ஜனவரியில் பிபிசியில் பாடம் நடத்தத் தொடங்கிய பிரிட்டனின் திறந்தநிலைப் பல்கலைக்கழகம். இரண்டுக்கும் ஒரே குறை: நேரத்தைத் தீர்மானிப்பது ஒளிபரப்புபவர். இன்றைய ஸ்வயம்பிரபா டிடிஎச் சேனல்கள் அந்தக் குறையைத் தெரிந்துகொண்டு அமைந்தவை. ஒரு நாளைக்கு நான்கு மணி நேரப் புதிய பாடம், அதுவே இன்னும் ஐந்து தடவை மறுஒளிபரப்பு. இணையம் சரியாக எட்டாத வீட்டில் டிடி ஃப்ரீ டிஷ் இருந்தால் போதும் என்பது லேசான விஷயம் இல்லை.

இந்தியாவின் பெரிய சுரங்கம் என்பிடெல். ஏழு ஐஐடிகளும் பெங்களூரு இந்திய அறிவியல் கழகமும் சேர்ந்து மத்திய அரசின் பணத்தில் 2003-இல் தொடங்கியது. கருவானதும் வளர்ந்ததும் பெரும்பாலும் சென்னை ஐஐடியில். பொறியியல் மாணவர்களுக்காக எடுத்தாலும் அதற்குள் பொருளியல், தத்துவம், இலக்கியம், உளவியல் எல்லாம் இருக்கின்றன. தரம் மேடும் பள்ளமுமாக இருக்கும் என்பதை மறைப்பதற்கில்லை. சில பாடங்களில் ஆசிரியர் காலி ஸ்டுடியோவில் உட்கார்ந்து ஸ்லைடை வாசித்துக்கொண்டே போவார். கேட்பவருக்குப் பத்தாவது நிமிடத்தில் கண் செருகும். அதே என்பிடெலில்தான் சென்னை ஐஐடியின் வி. பாலகிருஷ்ணன் எடுத்த செவ்வியல் இயற்பியல், குவாண்டம் இயற்பியல் வகுப்புகளும் இருக்கின்றன. கையில் குறிப்பு இல்லாமல், ஒரு கருத்தை அடிவேரிலிருந்து பலகையில் எழுப்பிக்கொண்டு வரும் அந்த வகுப்புகளை வெளிநாட்டு மாணவர்களும் தேடிவந்து பார்க்கிறார்கள். பட்டப்படிப்பு இயற்பியல் தெரியாதவர் அதில் நேராக இறங்க வேண்டாம். சங்கரை முடித்துவிட்டு வரலாம்.

தொடக்கத்தில் சொன்ன "மாட், லெக்" தலைப்புகள் இந்த என்பிடெல் பழைய பதிவுகளின் அடையாளம். மாட் என்பது அலகு, லெக் என்பது விரிவுரை எண். யூடியூபில் தேடாமல் என்பிடெலின் சொந்தத் தளத்தில் துறைவாரியாகப் போனால் பாடம் வரிசையாகவும் எழுத்துவடிவத்தோடும் கிடைக்கும். 2014 முதல் நான்கு, எட்டு, பன்னிரண்டு வாரப் பாடங்களாகவும் நடத்துகிறார்கள். சேர்வதற்குக் கட்டணமில்லை, தேர்வு மையத்துக்குப் போய் எழுதிச் சான்றிதழ் வாங்க விரும்பினால் மட்டும் பணம். அசைன்மென்டுக்கு 25, தேர்வுக்கு 75 மதிப்பெண். வயது வரம்பு இல்லை. வாரா வாரம் கெடு இருந்தால்தான் படிப்பேன் என்கிற சுபாவம் உள்ளவர்களுக்கு அந்தத் தேர்வுக் கட்டணம் நல்ல மூக்கணாங்கயிறு.

இனி, கிடைத்தது தொலைந்துபோகும் கதை. கலிஃபோர்னியாவின் பெர்க்லி பல்கலைக்கழகம் இருபதாயிரத்துக்கும் மேற்பட்ட விரிவுரைகளை ஒலியாகவும் ஒளியாகவும் எல்லோருக்கும் திறந்து வைத்திருந்தது. அவற்றில் பெரும்பாலானவற்றுக்குச் சரியான சப்டைட்டில் இல்லை. காது கேளாதோருக்கான கேலடெட் பல்கலைக்கழகத்தில் பணிபுரிந்த இருவருக்காகத் தேசியக் காது கேளாதோர் சங்கம் புகார் கொடுத்தது. 2016 ஆகஸ்டில் அமெரிக்க நீதித்துறை, இது மாற்றுத்திறனாளிகள் சட்டத்துக்கு விரோதம் என்று எழுதியது. எல்லாவற்றுக்கும் சப்டைட்டில் போடச் செலவு கட்டுப்படியாகாது என்ற பல்கலைக்கழகம், 2017 மார்ச்சில் அத்தனையையும் பொதுமக்களுக்கு மூடத் தொடங்கியது. ஆர்வலர்கள் அவசர அவசரமாகப் பிரதி எடுத்து வேறிடத்தில் ஏற்றினார்கள்.

புகார் கொடுத்தவர்களால் அல்லவா எல்லோருக்கும் போயிற்று என்று அப்போது பலர் திட்டினார்கள். எனக்கு அதில் உடன்பாடு இல்லை. காது கேளாதவர் கேட்ட சப்டைட்டில், அமெரிக்க உச்சரிப்பு பிடிபடாத திருநெல்வேலிக்காரருக்கும் வேண்டியதுதான். எழுத்துவடிவம் இருக்கிற யேல் பாடத்தையும் இல்லாத இன்னொன்றையும் அடுத்தடுத்துப் பார்த்தவருக்கு இது விளக்காமலே புரியும்.

தொலைவதற்குக் காரணங்கள் வேறு வேறு. எம்ஐடியின் வால்டர் லூயின், பதினைந்து கிலோ இரும்புக் குண்டைத் தன் முகவாய்க்கு அருகிலிருந்து ஊசலாட விட்டுவிட்டு அது திரும்பி வரும்போது அசையாமல் நின்ற இயற்பியல் வகுப்பு உலகப் பிரசித்தம். இணையவழி மாணவி ஒருவரிடம் அவர் பாலியல் தொல்லை கொடுத்தது விசாரணையில் உறுதியானதாகச் சொல்லி 2014 டிசம்பரில் எம்ஐடி அவருடைய பாடங்களைத் தன் தளத்திலிருந்து எடுத்துவிட்டது. கோர்செரா 2016-இல் பழைய தளத்தை மூடியபோது அதிலிருந்த பாடங்கள் பலவும் கூடவே போயின. ஆப்பிளின் விரிவுரைச் சேவையான ஐடியூன்ஸ் யு 2021-ஓடு முடிந்தது. அதே ஆண்டு எட்எக்ஸ் 80 கோடி டாலருக்குத் தனியார் நிறுவனத்தின் கைக்குப் போனது. ஆகவே, ஒரு பாடத்தை எடுத்துக்கொண்டால், தரவிறக்க அனுமதி இருக்கிறதா என்று முதல் நாளே பார்த்து, இருந்தால் இறக்கி ஒரு ஹார்ட் டிஸ்க்கில் போட்டுவிடுவது புத்திசாலித்தனம். ஓப்பன்கோர்ஸ்வேரின் கிரியேட்டிவ் காமன்ஸ் உரிமம் வியாபாரம் அல்லாத பயனுக்கு இதைத் தாராளமாக அனுமதிக்கிறது. கரும்பலகை வகுப்புக்கு 360 தெளிவே போதும். பொடி எழுத்து ஸ்லைடு என்றால் 720 வேண்டியிருக்கும்.

எங்கே என்ன இருக்கிறது என்று ஒரே இடத்தில் பார்க்க ஓப்பன் கல்ச்சர் தளத்தின் பட்டியலும், இணையப் பாடங்களுக்கு கிளாஸ் சென்ட்ரலும் உதவும். ஆனால் பட்டியல் நீளமாக இருப்பதே ஒரு தொல்லை. தேர்வுக்கு என் யோசனை எளிமையானது: பாடப்பக்கத்தைத் திறந்ததும் காணொளியைத் தொடாமல் முதல் வீட்டுக்கணக்கையோ முதல் வாசிப்பையோ எடுத்துப் பாருங்கள். கொஞ்சம் தடுமாறினாலும் என்ன கேட்கிறார்கள் என்று விளங்கினால் அது உங்கள் பாடம். கேள்வியே விளங்காவிட்டால் ஒரு படி கீழே. காணொளியை மட்டும் பார்த்து முடிவு செய்தால் நல்ல பேச்சாளர்கள் நம்மை ஏமாற்றிவிடுவார்கள். கேட்கும்போது எல்லாம் புரிந்தது போலவே இருக்கும்.

தமிழில்? சொற்பொழிவுக்குக் குறைவில்லை. ரோஜா முத்தையா ஆராய்ச்சி நூலகத்தின் உரைகள், தமிழ் பாரம்பரிய அறக்கட்டளையின் மாதாந்திரக் கூட்டங்கள் எல்லாம் யூடியூபில் இருக்கின்றன. கல்வெட்டும் சிற்பமும் சிந்துவெளியும் பற்றித் துறை அறிந்தவர்கள் பேசியவை. டால்ஸ்டாய், தஸ்தாயெவ்ஸ்கி, பாஷோ என்று எஸ். ராமகிருஷ்ணன் நிகழ்த்திய உலக இலக்கியப் பேருரைகள் ஒரு தொடருக்கு அருகில் வருகின்றன. ஆனால் ஒன்றின் மேல் ஒன்றாக முப்பது வகுப்பு நடத்தி, வீட்டுக்கு வேலையும் கொடுக்கும் கல்லூரிப் பாடம் என்று பார்த்தால் விரல் விட்டு எண்ணிவிடலாம். மேடை உரை ஒவ்வொன்றும் புதுக் கூட்டத்துக்காக முதலிலிருந்து தொடங்கியாக வேண்டும். அதனால் எத்தனை கேட்டாலும் முதல் வகுப்பைத் தாண்டுவதில்லை. என்பிடெல் பாடங்கள் பலவற்றின் எழுத்துவடிவம் தமிழில் வந்திருக்கிறது. கலைச்சொல்லைப் பிடித்துக்கொள்ள உதவும், வாத்தியார் பக்கத்தில் இருப்பதாகத் தோன்றாது. தமிழ்வழியில் வரலாறும் பொருளியலும் நடத்தும் கலைக்கல்லூரி மாவட்டத்துக்கு மாவட்டம் உண்டு. ஸ்ட்ராங்கின் வகுப்பைப் படம்பிடிக்கத் தேவைப்பட்ட அளவு கருவி அங்கே ஒவ்வொரு மாணவர் சட்டைப்பையிலும் இருக்கிறது.

அந்த வகுப்புகளை யாராவது படம்பிடித்துப் போடும்வரை ஒரு ஒட்டுவேலை செய்துகொள்ளலாம். தமிழ் இணையக் கல்விக்கழகம் தன் பட்டப்படிப்புக்கு எழுதிய தமிழியல் பாடங்களைத் தளத்தில் திறந்தே வைத்திருக்கிறது. சங்க இலக்கியமோ இலக்கணமோ, அலகு பிரித்து, அலகுக்கு அலகு தன்மதிப்பீட்டு வினாக்களோடு இருக்கும். அதை முதுகெலும்பாக வைத்துக்கொண்டு, அலகுக்கு ஒன்றாக அந்தப் பொருளில் உள்ள நல்ல உரையை யூடியூபில் தேடி ஒரு பிளேலிஸ்டில் கோத்துவைத்தால் ஒரு செமஸ்டர் தேறும். கோக்கும் வேலைக்கே இரண்டு வாரம் ஆகும். அந்த இரண்டு வாரத்தில் யார் விஷயத்தோடு பேசுகிறார், யார் கைதட்டலுக்குப் பேசுகிறார் என்பதும் தெரிந்துவிடும்.